ஓலை, அச்சு, குரல்

திருக்குற்றாலக் குறவஞ்சி, பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் ஆடிப் பாடுவதற்கென்றே இயற்றிய நாடகம். எழுத்தறியாதவரையும் சென்றடைந்த பாட்டும் கூத்துமே அக்காலத்தின் வெகுசன ஊடகம். ஓலை அதற்கு நினைவுக்குறிப்பு.

பின்னர் வந்த அச்சு இத்தகைய நூல்களை அழியாமல் காத்தது. ஆனால் செவிக்குரிய பாட்டைக் கண்ணுக்குரியதாக்கியது. அவ்விழப்பை ஈடுசெய்ய முயன்றவர், பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (1882-1954). நெல்லை வட்டத்தொட்டியில் கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் சுவைக்க வைத்தார். தொலைவிலிருந்த அன்பர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். 1941இல் தொடங்கிய ‘கல்கி’ இதழில் கம்பனை விளக்கினார். ஊடகம் எதுவாயினும் அவர் நாடியது கேட்கும் செவியையே.

இன்று குறவஞ்சி இணையத்திலும் கிடைக்கிறது. ஒரு பாட்டையேனும் உரக்கப் படித்துப் பாருங்கள். அச்சில் அடங்கிய குரல் மீண்டும் எழும்.