ஓவர்குளொக்கிங் தளம்பல்

மேசைக் கணினியின் புரொசசரையோ ரேமையோ நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும்போது வரும் கோளாறு: நீலத்திரை, திடீர் ரீஸ்டார்ட், விளையாட்டின் நடுவே உறைதல். முதலில் பயாஸை இயல்புநிலைக்குத் திருப்ப வேண்டும். அப்போதும் கணினி விழுந்தால் பழி ஓவர்குளொக்கில் இல்லை. விழாவிட்டால், வேக அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சோதிக்கலாம். பலர் புரொசசரைத்தான் திட்டுவார்கள். ஆனால் பலவேளை பிழை ரேமில் இருக்கும். டிடிஆர்4 ரேமின் அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி (ரேமின் ஆயத்த வேக அமைப்பு) போட்டால் பெரும்பாலும் 1.35. அதுவும் ஓவர்குளொக்கிங்தான், பெட்டியில் அச்சிட்ட வேகமானாலும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரல் ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த வேகம் ஆகாது.

கொழும்பில் வெக்கை தனிக்கதை. இரவில் ஏசி அறையில் தேறிய கணினி, 30 பாகை தாண்டும் வெள்ளவத்தைப் பகலில் விழும். கொட்டாஞ்சேனை மாடியறையானாலும் அதே நிலைதான். சோதனையை மதியம் 2 மணிக்கு, ஏசியை அணைத்துவிட்டு, விசிறித் தூசியைத் தட்டியபின் ஓட்டுவதே நேர்மை.