போட்ஸ்வெயினின் சமாதி

நாய்க்குச் சமாதியா என்று சிரிக்கிறவர்கள், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் போனால் நியூஸ்டெட் மாளிகையைப் பார்க்க வேண்டும். பைரன் பிரபு தம் போட்ஸ்வெயினுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அங்கே நிற்கிறது. அவருடைய சொந்தக் கல்லறையைவிடப் பெரியது!

போட்ஸ்வெயின் நியூஃபவுண்ட்லாந்து ஜாதி நாய். 1808 நவம்பரில் வெறிநோய் கண்டு இறந்தது. பைரனுக்கு அப்போது 20 வயது. நோய் இன்னதென்று அறியாமல், அதன் வாயில் வழிந்த நுரையை வெறுங்கையாலேயே துடைத்துவிட்டாராம். பாஸ்டரின் வெறிநாய்க்கடி ஊசி வர இன்னும் 77 வருஷம் இருந்தது. கல்லில் அவருடைய கவிதை இருக்கிறது. அதற்கு மேலுள்ள வசனமும் அவருடையதே என்று வெகு காலம் நம்பினார்கள். எழுதியவர் அவர் சிநேகிதர் ஹாப்ஹவுஸ்.

1811-இல் உயில் எழுதும்போது, தம்மையும் அந்த நாயின் பக்கத்திலேயே புதைக்க வேண்டும் என்றார் பைரன். வக்கீல் தயங்கியும் விடவில்லை. ஆனால் கடன் விடுமா? 1817-இல் மாளிகை விலைபோயிற்று. 1824-இல் கிரீஸில் இறந்தவரை, ஹக்னல் ஊர் மாதா கோயிலில் குடும்பத்தாரோடு அடக்கம் செய்தார்கள்.

எங்கள் மணியைக் கொல்லையில் முருங்கையடியில் புதைத்தோம். என் சின்னப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிற்பாடு எங்கள் வீட்டையும் கடன்தான் கொண்டுபோயிற்று. கிரயப் பத்திரத்தில் கிணறு, மரவடை, நிதி நிட்சேபம் எல்லாம் சேர்த்து எழுதியிருந்தது; மண்ணுக்கடியில் இருப்பதும் வாங்குகிறவருக்கே என்று அர்த்தம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.