ஷோகனின் கொக்குகள்: ஹிரோஷிகேவின் ஒரு படம்

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு படத்தைப் பத்திதான். 1857-ல ஜப்பான்ல வெளியான மரக்கட்டை அச்சுப் படம் அது. வரைஞ்சவர் ஹிரோஷிகே. ‘எடோவின் புகழ்பெற்ற நூறு காட்சிகள்’ என்கிற வரிசையில வந்தது. எடோ என்பது இன்றைய டோக்கியோவின் பழைய பெயர். இதே வரிசையிலிருந்து ரெண்டு படங்களை வான் கோ 1887-ல எண்ணெய் வண்ணத்துல நகல் எடுத்திருக்கார்.

ஆடியோவுல படம் காட்ட முடியாது, அதனால சொல்லிடறேன். ஒரு சதுப்பு நிலம். முன்னாடி தண்ணியில ஒரு பெரிய கொக்கு நிக்குது. மேலேருந்து இன்னொண்ணு இறக்கையை விரிச்சு இறங்குது. தூரத்துல ஊர் தெரியுது. அவ்வளவுதான் படம்.

கொக்குன்னா நம்ம வயல்ல பாக்குற கொக்கு இல்லை. ஜப்பான்ல இதுக்கு ‘தஞ்சோ’ன்னு பேரு. ஒன்றரை மீட்டர் உயரம், வெள்ளை உடம்பு, கருப்புக் கழுத்து, உச்சந்தலையில சிவப்புப் பொட்டு. ஆயிரம் வருஷம் வாழும்னு நம்பிக்கை. அதனால நீண்ட ஆயுளுக்கு அடையாளமா கல்யாண உடையிலேருந்து கோப்பை வரைக்கும் இதை வரைவாங்க.

இந்தப் படத்துல இருக்கிற இடம் மிகாவஷிமா. இன்னைக்கு அது டோக்கியோவோட அரகாவா வட்டத்துல, வீடுகளும் ரயில் நிலையமுமா நெருக்கமா இருக்கிற பகுதி. அப்போ உலகத்தின் மிகப்பெரிய நகரங்கள்ல ஒண்ணா இருந்த எடோவோட விளிம்புல இவ்வளவு பெரிய பறவை எப்படிப் பயமில்லாம வந்து இறங்கிச்சு?

காரணம், அது ஷோகனோட பறவை. ஷோகன்னா அன்னைக்கு ஜப்பானை உண்மையில ஆண்ட ராணுவத் தலைவர். குளிர்காலத்துல கொக்குகள் வர்ற இந்த நிலத்துக்கு வேலி போட்டாங்க. தினமும் தானியம் வைக்க ஆள் இருந்தது, நாய்களை விரட்டக் காவல் இருந்தது. சாதாரண மக்கள் கொக்கைத் தொடக்கூடாது, வேட்டையாடினா கடும் தண்டனை. இவ்வளவும் எதுக்கு? ஒருநாள் ஷோகன் வருவார். பழக்கின ராஜாளியை ஏவிக் கொக்கைப் பிடிப்பார். பிடிபட்ட கொக்கு கியோட்டோவுல இருக்கிற பேரரசருக்குக் காணிக்கையாப் போகும். படத்துல சுதந்திரமாத் தெரியுற பறவை உண்மையில அரச வேட்டைக்காக வளர்க்கப்பட்டது.

இங்கதான் அச்சுப் படங்கிறது முக்கியமாகுது. ஹிரோஷிகே வரைஞ்சது மெல்லிய தாள்ல. செதுக்குறவர் அதைச் செர்ரி மரக்கட்டைமேல குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுட்டுச் சுத்தி இருக்கிறதைச் செதுக்கி எடுப்பார். பொதுவா ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கட்டை. நாம கம்ப்யூட்டர்ல லேயர் லேயரா வேலை செய்யுற மாதிரிதான். எல்லாக் கட்டையும் ஒரே இடத்துல பொருந்தணும்னு மூலையில ஒரு குறி வெட்டுவாங்க, அதுக்குப் பேர் ‘கெந்தோ’. வெள்ளை இறகு காட்டணும்னா மையே இல்லாம அழுத்தித் தாள்லேயே மேடுபள்ளம் உண்டாக்குற முறையும் உண்டு. இப்படி ஆயிரக்கணக்குல அச்சாகி, ஒண்ணு ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு வித்தது. தொட்டாலே தண்டனைங்கிற பறவையை ஒரு கூலிக்காரர் தன் வீட்டுச் சுவர்ல ஒட்டிக்கலாம்.

படம் வந்த அடுத்த வருஷம், 1858-ல ஹிரோஷிகே இறந்துட்டார். அடுத்த பத்து வருஷத்துல ஷோகன் ஆட்சியும் முடிஞ்சுது. அந்த ஆட்சியோட பழைய தடையும் போச்சு, காவலும் போச்சு. துப்பாக்கி வேட்டை பெருகிச்சு, சதுப்பு நிலங்கள் வயலாச்சு. ஆயிரம் வருஷம் வாழும்னு சொன்ன பறவை சில பத்தாண்டுகள்ல காணாமப் போச்சு. ஜப்பான்ல அது அழிஞ்சே போச்சுன்னு நினைச்சாங்க.

1924-ல வடக்கே ஹொக்கைடோ தீவின் குஷிரோ சதுப்பு நிலத்துல ஒரு சின்னக் கூட்டம் தென்பட்டது. 1952-ல எண்ணினப்போ 33 பறவை. அந்தக் காலத்துல குளிர் கடுமையா அடிக்க, உள்ளூர் ஆட்கள் மக்காச்சோளம் போட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அங்க கொக்குகள் ஆயிரத்தைத் தாண்டியாச்சு. ஒரே இடத்துல கூடினா நோய் பரவும்னு, இப்போ அரசே தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்குது.

ரெண்டு தடவையும் கொக்கைக் காப்பாத்தினது மனுஷன் போட்ட தானியம்தான். முதல் தடவை ஒரே ஒரு அதிகாரத்தோட விருப்பத்துல பாதுகாப்பு நின்னுது. அந்த அதிகாரம் சரிஞ்சதும் பறவையும் போச்சு. ரெண்டாவது தடவை பக்கத்துல வாழுற மக்கள் தானியம் போட ஆரம்பிச்சாங்க, சட்டமும் துணையா நின்னுது. அது எழுபது வருஷமா நிக்குது.

ஹிரோஷிகே தன் ஊரோட அழகான இடம்னுதான் இதை வரைஞ்சிருப்பார். டோக்கியோவுல கொக்கு இறங்கின காலத்துக்கு இன்னைக்கு அந்தப் படம் ஒரு சாட்சி. பழைய படத்துல ஒரு பறவையைப் பாத்தா, அழகா இருக்குன்னு ரசிங்க. கூடவே, அதுக்கு யார் தானியம் போட்டாங்க, எதுக்காகப் போட்டாங்கன்னும் கேட்டுப் பாருங்க.