நாள்தோறும் எழுதிய எண்கள்: சிங்கப்பூர்த் தட்பவெப்பப் பதிவுகளின் வரலாறு



"அந்தக் காலத்தில் இவ்வளவு புழுக்கம் இல்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறக் கேட்டிருப்போம். அஃது உண்மைதானா என்று மாணவர் ஒருவர் வினவினால் நினைவை மட்டும் சான்றாகக் காட்ட இயலாது, எண்கள் வேண்டும். அவ்வெண்கள் நம் தீவில் எவ்வாறு திரண்டன என்பதை அறிவது நம் கடமையாகும்.

1841ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் காந்தப்புல ஆய்வுக்கூடம் சிங்கப்பூரில் பணியைத் தொடங்கியது. சென்னை இராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் எலியட் 1845 வரை அதனை நடத்தினார். புவியின் காந்தத்தை அளப்பதே அதன் முதன்மை நோக்கம். எனினும் வானிலை அளவுகளும் உடன் பதிவாயின. ஆயினும் நான்கைந்து ஆண்டுப் பதிவைக் கொண்டு நெடுங்கால மாற்றத்தை அறிய முடியாது.

நம் தீவின் மழைப்பதிவு 1869ஆம் ஆண்டு முதல் கிடைக்கிறது. வெப்பநிலைப் பதிவோ, மலாயா வானிலைச் சேவை தோன்றிய 1929ஆம் ஆண்டு முதலே உள்ளது. அதிலும் 1942 முதல் 1947 வரை இடைவெளி. ஜப்பானியர் ஆட்சிக் காலமும் போருக்குப் பிந்திய சில ஆண்டுகளும் அதனுள் அடங்கும். பஞ்சத்திலும் அச்சத்திலும் மக்கள் வாழ்ந்த அவ்வாண்டுகளின் வெப்பநிலை ஏட்டில் வெற்றிடமாகவே நிற்கிறது.

1948க்குப் பிந்திய தொடர்ச்சியான பதிவே நமக்கு விடை தருகிறது. 1948 முதல் 2016 வரை பத்தாண்டுக்குச் சராசரியாக 0.25 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் உயர்ந்துள்ளது. உலக வெப்பமயமாதலும் நகர வளர்ச்சியும் இதற்குக் காரணங்கள். பெரியவர்களின் நினைவு பொய்யன்று.

எதிர்காலத்தைக் கணிப்பதற்கும் இவ்வெண்களே துணை. உலகப் பருவநிலைக் கணினி மாதிரிகள் புவிப்பரப்பைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும். நம் தீவின் நீளமோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஜூரோங்கில் மழை கொட்டும் வேளையில் சாங்கியில் வெயில் காய்வதை அத்தகைய கட்டம் எங்ஙனம் காட்டும்? ஆகவேதான் வட்டார அளவிலான ஆய்வு தேவைப்பட்டது. 2013இல் சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாம் தேசிய ஆய்வு, தென்கிழக்காசியாவை 8 கிலோமீட்டர் கட்டங்களாகவும் நம் தீவையும் அதன் சுற்றுப்புறத்தையும் 2 கிலோமீட்டர் கட்டங்களாகவும் நுணுகி ஆராய்ந்தது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் வெப்பம் 0.6 முதல் 5 டிகிரி வரையிலும், கடல்மட்டம் 1.15 மீட்டர் வரையிலும் உயரக்கூடும் என்பது அதன் கணிப்பு. உலகம் வெளியிடும் கரிமவாயுவின் அளவைப் பொறுத்தே அது கூடும் அல்லது குறையும்.

இத்தகைய மாதிரி நம்பத்தக்கதா என்று எவ்வாறு சோதிப்பது? கடந்த காலத்தை அது கணித்துக் காட்ட வேண்டும். அக்கணிப்பைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். எனவே, என்றோ ஒருவர் மழைமானியைப் பார்த்து எழுதி வைத்த எண் இன்று நம் பேரப்பிள்ளைகளுக்காகப் பேசுகிறது.

பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானியை வைத்து, மாணவர்களை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து எழுதச் செய்யலாம். விடுபட்ட நாளை ஊகித்து நிரப்பக்கூடாது என்பதையும் கற்பிக்க வேண்டும். ஏனெனில், 1943ஆம் ஆண்டின் வெப்பமானியை இனி எவராலும் சென்று பார்த்து வர இயலாது.