குறுந்தகட்டிலிருந்து மேகக் கணிமைக்கு: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கட்டற்ற மென்பொருள்

2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகும்வரை கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியாக இருந்தது. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி, அதற்கு மேற்கே கல்வராயன் மலை. இந்த வட்டாரத்துக்குக் கட்டற்ற மென்பொருள் சென்னை வழியாக, முதலில் வெறும் பொருளாகவே வந்து சேர்ந்தது. குறுந்தகடு, அரசு கொடுத்த மடிக்கணினி, பல்கலைக்கழகப் பாடத்திட்டம் என்று அது வந்த வாகனங்கள் பல. அதைச் சுற்றி ஆட்கள் கூடத் தொடங்கியது அதற்கெல்லாம் பிறகுதான்.

இந்தியாவில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் பரவியதில் கணினிப் பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பி.சி. குவெஸ்ட் இதழ் 1996 முதல் லினக்ஸ் குறுந்தகடுகளை இதழோடு இணைத்து விற்றது. தொலைபேசி வழி இணையத்தில் 600, 700 எம்.பி. கோப்பை இறக்குவது நடவாத காரியம் என்பதால், இதழ் கடைக்கு வந்த நாள்தான் புதிய பதிப்பு வெளியான நாள். உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்தபின் தபால் வழியும் திறந்தது. முகவரியை எழுதி அனுப்பினால், ஷிப்-இட் என்ற திட்டத்தின்கீழ் வெளிநாட்டிலிருந்து இலவசமாகக் குறுந்தகடு வீட்டுக்கே வரும். 2011இல் நிறுத்தப்பட்ட அந்தத் திட்டம், கணினிக் கடைகூடச் சரியாக இல்லாத ஊர்களுக்கு ஒரு முழு இயங்குதளத்தைத் தபால்காரர் கையில் கொடுத்து அனுப்பியது.

வந்த குறுந்தகட்டை நிறுவிப் பார்ப்பதில்தான் சிக்கல். மோடம் வேலை செய்யாது, ஒலி வராது, விண்டோஸ் இருந்த வன்தட்டுப் பகுதி அழிந்துபோகும். அருகில் விவரம் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் தகடு அலமாரிக்குப் போய்விடும். பயனர் குழு என்ற வழக்கம் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரி முதல் இயங்குகிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் அது கூடிவந்தது. உறுப்பினர் கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. ஒருவர் தான் கற்றதைச் செய்து காட்டுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பின்னால் தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் உருவான குழுக்களும் ஏறக்குறைய இந்த அமைப்பையே எடுத்துக்கொண்டன.

அரசுத் தரப்பில் 2005இல் ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. மத்திய தகவல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில், சென்னை சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. அதன் வழியாக 2007இல் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் வெளிவந்தது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கப்பட்ட கணினிகளிலும் லினக்ஸ் போனது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பலருக்கும் வீட்டுக்கு வந்த முதல் கணினி அதுதான். மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் திரையில் இரண்டு இயங்குதளங்களின் பெயர் வரும். இரண்டாவது பெயரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். லட்சக்கணக்கில் பொருளைக் கொடுத்த திட்டத்தில் அந்த ஒருவருக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

மேகக் கணிமை மென்பொருள் வந்தபோது நிலைமை இன்னும் கடினமானது. லினக்ஸை ஒரே கணினியில் போட்டுப் பழகிவிடலாம். மேகக் கணிமை மென்பொருளின் வேலையோ பல சர்வர்களை ஒன்றாகச் சேர்த்து, கேட்பவருக்குக் கேட்ட அளவில் மெய்நிகர் கணினியும் சேமிப்பிடமும் பிரித்துக் கொடுப்பது. பிரித்துக் கொடுக்கப் பல இயந்திரங்கள் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஆகவே இதைச் சுற்றிய சமூகங்கள் பல்கலைக்கழகங்களிலும் பெருநிறுவனங்களிலும் பிறந்தன. கலிபோர்னியாவில் சான்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2008இல் யூகலிப்டஸ் வந்தது. 2010 ஜூலையில் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் தத்தம் நிரல்களை ஒன்றாக்கி ஓபன்ஸ்டாக் திட்டத்தை அறிவித்தன. கிளவுட்ஸ்டாக் மென்பொருளை வாங்கிய சிட்ரிக்ஸ் நிறுவனம் 2012 ஏப்ரலில் அதை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது.

இவற்றில் சமூகத்தைக் கட்டும் முறையை மிகத் தெளிவாக எழுதிவைத்தது ஓபன்ஸ்டாக். நிரல் மட்டும் திறந்திருந்தால் போதாது; வடிவமைப்பு, உருவாக்கம், சமூகம் ஆகிய மூன்றும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். அடுத்த பதிப்பில் என்ன வரவேண்டும் என்பதை உருவாக்குநர்கள் நேரில் கூடி, எல்லார் முன்னிலையிலும் பேசி முடிவெடுத்தார்கள். 2012இல் தனி அறக்கட்டளை அமைந்தது. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு எத்தனையோ கரும்பு விவசாயிகள் பங்குதாரர்கள். வயல் அவரவருடையது, அரவை பொது. ஓபன்ஸ்டாக்கிலும் சந்தையில் போட்டிபோடும் நிறுவனங்கள் உறுப்பினர் கட்டணம் செலுத்தி நிர்வாகக் குழுவில் அமர்ந்தன. தொழில்நுட்ப முடிவுகளுக்கு மட்டும் வேறு விதி: நிரல் எழுதிப் பங்களித்தவர்களே தொழில்நுட்பக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். பணம் கொடுத்தவர் கையும் வேலை செய்தவர் கையும் ஒன்றையொன்று மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் பங்களிப்பவர்களில் பெரும்பாலோர் நிறுவனச் சம்பளத்தில் அந்த வேலையைச் செய்பவர்கள். சனிக்கிழமை மாலை ஆர்வலர்கள் கூடிய பழைய லினக்ஸ் குழுவின் இயல்பு இதில் குறைவு.

தமிழ்நாட்டிலும் முதல் முயற்சிகள் நிறுவனங்களுக்குள்ளேயே நடந்தன. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர் எஸ். தாமரைச்செல்வி தலைமையிலான ஆய்வு மையம் கிரிட் கணிமையிலும் மேகக் கணிமையிலும் வேலை செய்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராஜ்குமார் பூயா, கிறிஸ்டியன் வெக்கியோலா ஆகியோருடன் அவர் எழுதிய மேகக் கணிமைப் பாடநூல் 2013இல் வெளிவந்தது. சென்னை சி-டாக் கட்டற்ற கூறுகளைக் கொண்டு மேக்தூத் என்ற மேகக் கணிமைத் தொகுப்பை உருவாக்கியது.

மாவட்டங்களுக்கு இந்த மென்பொருள் வந்த பாதை, எல்லாரும் ஓரளவு அலுத்துக்கொள்ளும் ஒன்று: அண்ணா பல்கலைக்கழகத்தின் செய்முறைப் பாடம். 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, கணினி அறிவியல் பொறியியல் மாணவர்களுக்கு ஏழாம் பருவத்தில் கிரிட், மேகக் கணிமை ஆய்வகம் இருந்தது. யூகலிப்டஸ், ஓபன்நெபுலா அல்லது அதற்கு இணையான ஒன்றைக் கொண்டு மேகம் அமைத்துக் காட்ட வேண்டியிருந்தது. மெய்நிகர் கணினிக்குள் சி மொழி கம்பைலரை நிறுவி ஒரு நிரலை ஓட்டுவது ஒரு பயிற்சி. மெய்நிகர் கணினியுடன் ஒரு சேமிப்புப் பகுதியை இணைத்து, அந்தக் கணினியை விடுவித்த பிறகும் தரவு அதில் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பயிற்சி சின்னதாகத் தெரிந்தாலும் மேகக் கணிமையின் அடிப்படையே அதில் இருக்கிறது: கணினி தற்காலிகம், தரவு நிரந்தரம், இரண்டும் தனித்தனி. புரிந்து செய்தவருக்கு அது போதும். ரெக்கார்டு நோட்டில் நகலெடுத்து எழுதி, வைவாவில் ஒப்பித்தவருக்கு ஒன்றுமில்லை.

பாடத்திட்டத்துக்கு ஒரு குறை இயல்பிலேயே உண்டு. அது எழுதப்படும் நாளில் உயிரோடிருக்கும் மென்பொருள், மாணவர் அந்தப் பருவத்தை எட்டும்போது அதே நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. உபுண்டு 2011இலேயே யூகலிப்டஸை விட்டு ஓபன்ஸ்டாக்குக்கு மாறியிருந்தது. 2014இல் ஹெச்.பி. நிறுவனம் யூகலிப்டஸை வாங்கியது. 2013இல் சேர்ந்தவர்கள் 2016இல் ஏழாம் பருவத்துக்கு வந்தபோது பாடத்தில் இருந்த பெயரைச் சுற்றி முன்பிருந்த ஆரவாரம் இல்லை. 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் மேகத்தைப் பாவனையாக இயக்கிப் பார்க்கும் கிளவுட்சிம் வந்தது. ட்ரைஸ்டாக் என்ற இணைய வழி ஓபன்ஸ்டாக் மாதிரித் தளத்தில் மெய்நிகர் கணினியை இயக்கிக் காட்டும் பயிற்சியும் வந்தது. அந்த மாணவர்கள் 2020இல் ஏழாம் பருவத்தை எட்டுவதற்குள் ட்ரைஸ்டாக் மூடப்பட்டுவிட்டது. மென்பொருளோடு தொடர்ந்து புழங்கும் ஆட்கள் அருகில் இருந்தால் இந்த மாற்றம் அன்றன்றைக்கே தெரியவரும். அச்சிட்ட பாடத்திட்டத்துக்கு அது தெரிய நான்கைந்து வருடம் ஆகிறது.

அப்படிப் புழங்கும் ஆட்களின் கூட்டம் இந்த வட்டாரத்தில் விழுப்புரத்தில் உருவானது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு 2010களின் முற்பாதியில், கள்ளக்குறிச்சி இன்னும் அதே மாவட்டத்தில் இருந்தபோது தொடங்கியது. காஞ்சிபுரத்தில் ஒரு குழு, புதுச்சேரியில் ஓர் இயக்கம், சென்னையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை என்று அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வலை இருந்தது. விழுப்புரம் குழுவின் தனித்தன்மை, கிராமப்புற மாணவர்களுக்கான இலவசப் பயிற்சியைத் தன் மைய வேலையாக வைத்துக்கொண்டதுதான். பைத்தான், வலைத்தள உருவாக்கம் போன்றவற்றைத் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். நேற்று கற்றவர் அடுத்த ஆண்டு கற்பிக்க வருகிறார். குழு நீடிப்பது அதனால்தான். பேச்சு தமிழில் நடக்கிறது. கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தைக் கண்டு வாயடைத்துப் போன மாணவர் முதல் கேள்வியைக் கேட்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

தமிழில் பேசினால் தமிழில் படிக்கவும் ஏதாவது வேண்டுமே. 2012 ஜனவரியில் த. சீனிவாசன் முன்னெடுப்பில் தொடங்கிய கணியம் மின்னிதழ் அந்த இடத்தை நிரப்பியது. து. நித்யா எழுதிய எளிய தமிழில் மைஎஸ்கியூஎல், குனு/லினக்ஸ் நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைத்தன. அச்சிடலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், பென்டிரைவில் போட்டு மலைக்கும் அனுப்பலாம். 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும் இடம்பெற்றன. அதன்பின், கல்லூரிக்கு வரும் மாணவர் இந்தப் பெயர்களை முன்பே தமிழில் படித்தவராக இருக்க வாய்ப்பு உண்டானது.

2020 ஊரடங்கில் வாரக் கூட்டங்கள் ஜிட்சி என்ற கட்டற்ற காணொளி மென்பொருளுக்கு மாறின. காஞ்சிபுரம் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எந்த ஊரிலிருந்தும் கலந்துகொள்ள முடிந்தது. சங்கராபுரத்துக்காரர் பேருந்து ஏற வேண்டியதில்லை என்பது லாபம். கல்வராயன் மலைக்கு அந்த லாபம் போய்ச் சேரவில்லை. 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. சாலையும் பள்ளியும் மின்சாரமும் சமவெளியைவிடப் பிந்தி வந்த இடத்தில் செல்பேசிக் கோபுரமும் பிந்தியே வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும். உள்ளொடுங்கிய ஊர்களில் அதுவும் இல்லாத காலம் அது. மேகக் கணிமை முழுக்க இணைப்பை நம்பிய தொழில் என்பதால், மலையாளிப் பழங்குடி மாணவர் ஒருவருக்கு இங்கே மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது இரண்டாம் பட்சம்.

தொழில்நுட்பத்தின் போக்கு இந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தியது. ஓபன்ஸ்டாக்கைப் பழகுவதற்கான டெவ்ஸ்டாக்கை நிறுவ 8 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியும், நிறுவும் நேரம் முழுதும் அறுபடாத இணையமும் வேண்டும். பாதியில் இணைப்பு போனால் பெரும்பாலும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். 2014இல் கூகுள் வெளியிட்ட குபெர்னெட்டிஸ், முழு மெய்நிகர் கணினிக்குப் பதில் இலகுவான கண்டெய்னர்களைப் பயன்படுத்தியது. 2019இல் ராஞ்சர் நிறுவனம் அதைச் சுருக்கி, 100 எம்.பி.க்கும் குறைவான ஒரே கோப்பாக கே3எஸ் என்று வெளியிட்டது. 512 எம்.பி. நினைவகத்திலும் அது ஓடியது. ராஞ்சரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷெங் லியாங்தான் கிளவுட்ஸ்டாக்கையும் தொடங்கியவர். பழைய மடிக்கணினிகள் இரண்டை ஒரு கம்பியால் இணைத்து, கோப்புகளை முன்கூட்டியே பென்டிரைவில் கொண்டுவந்துவிட்டால், இணையமே இல்லாத அறையிலும் ஒரு சின்ன மேகத்தை அமைத்துக் காட்ட முடியும். குறுந்தகட்டுக் காலத்து வழக்கம்தான் இதிலும் தேவைப்படுகிறது: கோப்பை ஒருவர் சுமந்து வர வேண்டும், உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

இதற்கிடையே கல்வராயன் மலை தனி வட்டமாகி, வெள்ளிமலை அதன் தலைமையிடமானது. தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பாரத்நெட் பணியை ஏற்றது. கைபேசி அலைக்கற்றை எட்டாத 24,680 கிராமங்களுக்கு நாடு முழுவதும் 4ஜி கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. கம்பியும் கோபுரமும் அரசின் கணக்கில் வருபவை. பயனர் குழுவுக்கு அப்படி ஒரு கணக்குத் தலைப்பு எந்தத் துறையிலும் கிடையாது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தவர்களே அதை நடத்திவந்திருக்கிறார்கள்.