நட்சத்திரம் போட்ட மூதாதையர்

1

எங்கள் தெருவில் 'க' பாஷை பேசாத பிள்ளை கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட வேண்டும், அவ்வளவுதான். 'வா போவோம்' என்பது 'கவா கபோகவோகம்' ஆகிவிடும். தோப்புக்காரரை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டே அவருடைய மாங்காய்க்குத் திட்டம் போடலாம். யாரும் இலக்கணம் எழுதித் தரவில்லை. ஆனால் ஒரே ஒரு எழுத்தில் 'க' விட்டுப்போனால் 'தப்பு தப்பு' என்று கூட்டமே கத்தும். விதி என்றால் விதி.

அதே பிள்ளைகள்தான் வகுப்பில் 'ழ' வராமல் பிரம்படி வாங்கினோம். எங்கள் ஊர் தெற்கே இருக்கிறது. கோளி, வாளப்பளம், கெளவி. வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தி 'கோழி' சொல்லச் சொன்னார். மூன்று தடவையும் 'கோளி'தான் வந்தது. "காட்டுப்பய நாக்குடா உனக்கு" என்றார். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டிலும், ஏன், வாத்தியார் வீட்டிலும் அது கோளிதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

பின்னால் பிழைப்புக்காகச் சில வருடம் பெங்களூரில் இருக்க நேர்ந்தது. கன்னட எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு கறிக்கடைப் பலகையில் 'கோளி' என்று எழுதியிருந்தது. தெளிவான, அரசாங்கப் பாடநூல் ஒப்புக்கொள்கிற கன்னடம். பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது, அதற்கென்று தனி எழுத்தும் இருந்தது. காலப்போக்கில் அது ளகரத்தோடு கலந்து எழுத்தும் வழக்கொழிந்தது. தெலுங்கில் அதே சொல் 'கோடி' ஆனது. அங்கே 'ழ' போய்விட்டதற்காக எந்தப் பிள்ளையும் இன்று அடி வாங்குவதில்லை. ஒரே ஒலிமாற்றம் ஓர் ஊரில் மொழி வரலாறு, இன்னோர் ஊரில் நாக்குக் கோளாறு. இந்த இரண்டு பெயர்களையும் சூட்டுவது யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

மொழியைப் புதிதாகச் செய்தவர்களிடமிருந்து தொடங்குவது இந்தக் கேள்விக்கு வசதியானது. ஏனெனில் செய்கிறவன் ஒலிமாற்றத்தை என்ன செய்வது என்று முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது.

ஸாமன்ஹோஃப் 1859இல் பியாலிஸ்டோக்கில் பிறந்த யூதர். ருஷ்யனும் போலிஷும் ஜெர்மனும் இட்டிஷும் ஒரே தெருவில் மோதிக்கொண்ட ஊர் அது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுமொழி வந்தால் பகை குறையும் என்று நம்பி 1887இல் எஸ்பெராண்டோவை வெளியிட்டார். 28 எழுத்து, எழுத்துக்கு ஓர் ஒலி. அதற்கு முந்திய வோலாபுக் என்ற செயற்கை மொழி சீர்திருத்தச் சண்டையிலேயே சிதறிப்போனதை அவர் கண்ணால் பார்த்தவர். ஆகவே 1905இல் எஸ்பெராண்டோவின் அடிப்படை நூல் 'தொடக்கூடாதது' என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சொல் நம் காதில் சும்மா விழுவதில்லை என்றாலும், அவர் நோக்கம் வேறு. தன் மொழி யாருடைய வாயிலும் சிதையாமல் இருக்க அதைக் காலத்துக்கு வெளியே நிறுத்தப் பார்த்தார்.

டோல்கீன் இதற்கு நேரெதிர். நம்மில் பலர் அவரை மாயக்கதைக்காரர் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவர் 1919-20இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் சொல்வரலாறு தேடும் வேலை பார்த்தவர், 1925இல் அங்கேயே பேராசிரியரானவர். மொழி செய்வதைத் தன் ரகசியக் கெட்ட பழக்கம் என்று 1931இல் ஓர் உரையில் ஒப்புக்கொண்டார். அவருக்குக் கதை இரண்டாம்பட்சம்; மொழிகள் குடியிருக்க ஓர் உலகம் தேவைப்பட்டதால் கதை வந்தது. அவர் முதலில் ஒரு தாய்மொழியைச் செய்தார், பிறகு அதை இரண்டு திசையில் கிழப்படுத்தினார். தாய்மொழியின் 'க்வ' குவென்யா மொழியில் அப்படியே தங்கியது, சிந்தாரின் மொழியில் 'ப' ஆனது. 'சொல்' என்பதற்கு ஒன்றில் 'க்வெத்தா', மற்றதில் 'பெத்'. இதை அவர் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. நான்கு என்பதற்கு லத்தீனில் 'க்வாத்துவார்', வெல்ஷில் 'பெத்வார்'. நிஜ மொழிகளின் மீது ஏறிச்சென்ற விதியைக் கற்பனை மொழியின் மீது ஏற்றினார். பேசப்பட்டதாக நம்ப வேண்டுமென்றால் அந்த மொழி தேய்ந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

3

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களிலிருந்து. அங்கே அறிஞர்களே மொழி செய்துகொண்டிருந்தார்கள். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், கோதிக் ஆகியவற்றை ஒப்பிட்டு, யாரும் எழுதிவைக்காத அவற்றின் மூலமொழியை மீட்டெடுப்பது வேலை. மீட்டெடுத்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடும் வழக்கத்தை நிலைநாட்டியவர் ஷ்லைஹர். 'இது ஊகம், எந்த ஓலையிலும் கல்லிலும் கிடையாது' என்பது அந்த நட்சத்திரத்தின் பொருள். ஆனால் அவரே 1868இல் அந்த ஊக மொழியில் ஆடும் குதிரைகளும் பேசிக்கொள்கிற ஒரு குட்டிக்கதையை எழுதிவிட்டார். ரோமம் இழந்த ஆடு, வண்டி இழுக்கும் குதிரைகளைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கதையை ஹிர்ட் திருத்தி எழுதிய வடிவம் 1939இல் வெளிவந்தது. 1979இல் லேமனும் ஸ்குஸ்டாவும் மறுபடி திருத்தினார்கள். கதை ஒன்றுதான், அதன் 'ஆதிமொழி' ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறாக ஒலிக்கிறது.

அப்படியானால் எல்லாம் வெறும் புனைவா? இல்லை. இங்கேதான் நாம் அறியாத சசூர் வருகிறார். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வெளிவந்ததிலிருந்து நமக்குக் குறிப்பான், குறிப்பீடு பேசுகிற சசூரைத் தெரியும். அதற்கு முன், 21 வயதில், அவர் எழுதிய புத்தகம் இந்தோ-ஐரோப்பிய உயிரெழுத்துக்களைப் பற்றியது. உயிர்களின் நடத்தை ஒழுங்குக்கு வர வேண்டுமானால், எல்லா மொழிகளிலும் மறைந்துபோன சில ஒலிகள் ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பலர் நம்பவில்லை. 1913இல் அவர் இறந்தார். துருக்கியில் மண்ணைத் தோண்டி எடுத்த களிமண் பலகைகளின் ஹிட்டைட் மொழியை 1915இல் ஹ்ரோஸ்னி படித்துக் காட்டினார். 1927இல் குரிலோவிச் அதில் ஒரு 'ஹ' ஒலி, சசூர் காட்டிய இடங்களில் பலவற்றில் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். லத்தீனில் 'அந்தே' என்று உயிரில் தொடங்கும் சொல்லுக்கு உறவான ஹிட்டைட் சொல் 'ஹந்த்'. கண்ணால் காணாத ஒலியை விதியை மட்டும் நம்பிச் சொன்னது பலித்தது.

ஆக, மூலமொழி ஒரு செய்மொழிதான். ஆனால் விதிக்குக் கட்டுப்பட்டுச் செய்யப்பட்டது, நாளை தவறென்று நிரூபிக்கப்பட இடம்கொடுப்பது. அந்த நட்சத்திரத்தை அழிக்கிற கணத்தில் அது அறிவியல் இல்லை. ஒப்பிலக்கணத்தின் துணைவிளைவாகப் பரவிய 'ஆரிய' என்ற மொழிப்பெயர் ரத்தத்தின் பெயரானது அப்படித்தான். மொழியையும் இனத்தையும் குழப்பாதீர்கள் என்று 1888இல் மாக்ஸ் முல்லரே எழுதினார். யார் கேட்டார்கள்? 1933இல் ஜெர்மனியில் அரசுப் பணியிலிருந்து யூதர்களை வெளியேற்றிய சட்டத்துக்கு 'ஆரியரல்லாதார்' என்பதுதான் அளவுகோல். ஸாமன்ஹோஃபின் மகன் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு மகள்களும் 1942இல் ட்ரெப்ளிங்காவில் மாண்டார்கள். அமைதிக்காகச் செய்த மொழி அவர்களைக் காப்பாற்றவில்லை, நட்சத்திரம் அழிக்கப்பட்ட மூதாதை அவர்களைக் கொன்றது.

4

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் தொடங்கிவைத்த திராவிட ஒப்பியலில், பரோவும் எமனோவும் சேர்ந்து செய்த வேர்ச்சொல் அகராதி 1961இல் வந்தது. இதில் பரோ 1943இல் காட்டிய ஒரு விதியை வாசகர் தம் வாயிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. இங்கே சிறு, அங்கே கிறு. இங்கே செய், அங்கே கெய். முந்தியது ககரம். இகர, எகரங்களைச் சொல்ல நாக்கு முன்னால் நகர்வதால் ககரத்தையும் முன்னுக்கு இழுத்துத் தமிழன் சகரம் ஆக்கினான். ஆனால் அடுத்து ட, ண, ள, ழ வந்தால் நாக்கு பின்னால் மடங்குகிறது, ககரம் தப்பிக்கிறது: கிளி, கெடு, கேள், கீழ். தெலுங்கு இந்த விலக்கையும் கொடுக்கவில்லை; நம் 'கெடு' அங்கே 'செடு'. அதாவது நாம் செந்தமிழ் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் முதல் எழுத்தே திரிந்த எழுத்து. கன்னடத்தில் சிவப்புக்குக் கெம்பு என்று பெயர்.

இப்போது இன்னொரு சோதனை. 'படித்தான்' பேச்சில் 'படிச்சான்' ஆகிறது. 'படுத்தான்' படுத்தானாகவே இருக்கிறது. 'படுச்சான்' என்று எந்த ஊரிலும் சொல்லிக் கேட்டதில்லை. 'அடித்து' அடிச்சு ஆகும், 'எடுத்து' எடுத்துதான். 'ஐந்து' அஞ்சு ஆகும், 'வந்து' வந்துதான். இகரமும் யகரமும் பக்கத்தில் இருந்தால் மட்டும் தகரம் சகரமாகிறது. செவியைச் செய்த அதே நாக்குதான், ஏறக்குறைய அதே காரணத்தால், படிச்சானையும் செய்திருக்கிறது. முதலாவது செந்தமிழ், இரண்டாவது கொச்சை. மலையாளத்தில் 'அடிச்சு'வும் 'அஞ்சு'வும் எழுத்து வழக்கு. பாலக்காடு தாண்டினால் கொச்சைக்குப் பட்டம் கிடைக்கிறது!

அடுத்தது தொலைந்த சகரம். தமிழிலேயே சிறகு, இறகு என்று இரண்டும் இருக்கின்றன. சிப்பி, இப்பி என்று இருக்கின்றன. தமிழ் பல சொற்களில் முதல் சகரத்தை விழுங்கிவிட்டது. நம் ஆறுக்குக் கோண்டி மொழியில் 'ஸாருங்'. நம் உப்பு, உவர் என்பவற்றுக்கு உறவான சொல் அங்கே 'ஸோவர்'. மத்திய இந்தியாவின் ஆதிவாசிகள் பேசுகிற மொழி அது. நாம் எழுதத் தொடங்கும் முன்பே தொலைத்துவிட்ட ஒலியை அவர்கள் வாயில் வைத்திருக்கிறார்கள். அதிலும் சில வட்டாரங்களில் அது 'ஹோவர்' ஆகிவிட்டது, வேறு சில இடங்களில் 'ஓவர்' ஆகி ஒலியே போய்விட்டது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1998இல் இதை ஆராய்ந்து, ஸகரம் ஹகரமாகிப் பிறகு இல்லாமலாகும் மாற்றம் சொல் சொல்லாகப் பரவுவதைக் காட்டினார். தமிழ் தன் சகரத்தை இதே வழியில்தான் இழந்திருக்கும் என்பது அவர் கருத்து.

சசூருக்குக் களிமண் பலகை. நமக்குப் பேசுகிற மனிதர்கள். ராஜாக்களின் பலகை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 லட்சம் பேர் பேசும் கோண்டி இன்னும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணைக்குள் வரவில்லை. தமிழ் 2004இல் பழமைக்காகச் செம்மொழி ஆனது. பழமைதான் அளவு என்றால், அந்த ஒரு சகரத்தின் விஷயத்தில் மூத்தவர் யார்?

5

இதைச் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. தமிழைச் சிறுமைப்படுத்துகிறாயா என்கிறார்கள். பாவாணர் 1966இல் தமிழே உலகத்தின் முதன்மைச் செம்மொழி என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவருடைய உழைப்பைக் கேலி செய்வது என் வேலை இல்லை. இந்தியும் சமஸ்கிருதமும் தலையில் ஏறி உட்கார்ந்த காலத்தின் பதில் அது. ஆனால் எல்லாச் சொல்லும் தமிழிலிருந்து பிறந்ததென்றால் தமிழ் எதிலிருந்தும் மாறவில்லை என்று ஆகிவிடுகிறது. தமிழ் மூலத்திராவிடத்தின் ஒரு மகள். கோண்டியும் ஒரு மகள். தாய் நட்சத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறாள். மகள்களில் ஒருத்தியைத் தாயின் நாற்காலியில் உட்காரவைத்தால் மற்றவர்கள் எல்லாம் சிதைந்தவர்கள் ஆகிறார்கள். அந்தத் தராசுதான் ஊருக்குள் வந்து கோளி சொல்கிற பிள்ளையையும் நிறுக்கிறது.

ஜெர்மனியின் இளம் இலக்கணக்காரர்கள் 1878இல் ஒலி விதிகளுக்கு விலக்கில்லை என்று பிரகடனம் செய்தார்கள். அது எல்லோருக்கும் தெரிந்தது. அதே பிரகடனத்தில் இன்னொன்றும் இருக்கிறது: மூலமொழி வார்க்கும் பட்டறையின் புகையை விட்டு வெளியே வந்து, இன்று பேசப்படும் வட்டார வழக்குகளைக் கேளுங்கள் என்றார்கள். ஒலி எப்படி மாறுகிறது என்பது அங்கேதான் தெரியும் என்பது அவர்கள் வாதம். நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எழுதுகிறவர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். பாத்திரத்தின் வாயில் வட்டார வழக்கைப் போட்டுவிட்டு, கதைசொல்லியின் வாயில் மட்டும் பாடநூல் தமிழை வைக்கும்போது நாமும் வாத்தியாரின் பிரம்பைத்தான் பிடித்திருக்கிறோம். ஊர் ஊராகப் போகிற தோழர்களிடம் இன்னொன்று. கோளி, கோயி, படிச்சான், வச்சான் என்று காதில் விழுவதை எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை வயது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கே 'ழ' நிற்கிறது, எங்கே ளகரம், எங்கே யகரம் என்று ஒரு வரைபடம் போடலாம். அதில் ஒரு சொல்லுக்கும் நட்சத்திரம் தேவைப்படாது.

என் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் என்னை வைத்துக்கொண்டே 'க' பாஷையில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்கு முழுக்கப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு 'ககோகளி' வந்தது.