ஒரு முழ தூரம்

சிட்னிக்குப் போய்விட்டு வந்தவனிடம் உத்திரமேரூரில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "அங்க சாப்பாட்டுக்கு இன்னா பண்ண?" என்பதுதான். கோயில்ல சாப்பிட்டேன் என்றேன். சிரித்தார்கள். உண்மை அதுதான். 2018இல் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என்னை ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப்போனான். நகரத்துக்குத் தெற்கே, காட்டை ஒட்டி, 1985இல் குடமுழுக்குக் கண்ட கோயில். சன்னதியில் இருந்த கூட்டத்தைவிடக் கோயில் உணவகத்தில் கூட்டம் அதிகம். "மாமா, சாமி கும்பிட பாதிப் பேரு, தோசைக்கு பாதிப் பேரு" என்றான்.

அதற்கு முந்தின நாள் துறைமுகத்துக்கு அருகே, நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்ததைவிட, அங்கே இல்லாமல் போன ஒன்றுதான் என்னை அங்கே இழுத்தது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கல் அர்த்தநாரீஸ்வரரை அக்கலைக்கூடம் 2004இல் சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரியிடமிருந்து மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே விற்கப்பட்ட பொருள் என்று காட்டக் காகிதங்கள் இருந்தன. கோயிலில் அது இருந்ததைக் காட்டும் பழைய புகைப்படங்கள் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தன. காகிதம் தோற்றது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அதையும், கான்பெரா தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரையும் டெல்லியில் ஒப்படைத்தார்.

கலைக்கூடம் என்பது ஒரு வாசிப்பு முறை என்று எனக்குத் தோன்றுகிறது. காலம், கல், பிரதேசம் என்று மூன்று வரிச் சீட்டு ஒன்றை எழுதி வைத்தவுடன் சாமி 'கலை'யாகிவிடுகிறது. சீட்டில் எழுதப்படாதது அதன் சாப்பாடு. கோயிலில் ஒரு மூர்த்தியின் நாள் என்பதே குளியலாலும் படையலாலும் பகுக்கப்பட்டது. காஞ்சிபுரம் இட்லி என்று இன்று ஓட்டல்களில் விற்கப்படுவது, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்து வரதராஜப் பெருமாளுக்கென்று அவிக்கப்பட்டது. நமக்குக் கிடைத்தது அவர் உண்ட மிச்சம். பட்டினி போடப்பட்ட சாமிதான் சிற்பம் என்றுகூடச் சொல்லலாம்.

சட்டமும் இதை ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1976இல் பத்தூரில் மண் தோண்டும்போது கிடைத்த நடராஜர் லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்த வழக்கில், கோயிலே ஒரு சட்டப்பூர்வ நபராக வந்து தன் உடைமையைக் கேட்கலாம் என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1991இல் நடராஜர் திரும்பினார்.

ஆகவே கதை எளிது: அவர்கள் எடுத்தார்கள், நாம் மீட்டோம். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு விஷயங்கள் குறுக்கே வந்தன.

முதலாவது, திரும்பி வந்த ஸ்ரீபுரந்தான் நடராஜர் தன் ஊருக்குப் போகவில்லை. கும்பகோணத்திலுள்ள சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பப்பட்டார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து பூட்டிய அறைக்கு.

இரண்டாவது, 'ஊர்' என்று நாம் இவ்வளவு சுலபமாகச் சொல்கிற அந்தச் சொல். 2020 டிசம்பர் 10இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், எங்களூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். சில நாட்களுக்குள் எங்களூர்க் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் படிக்கல்லைப் பெயர்த்தபோது அரை கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தது. சாமி சொத்து கோயிலிலேயே இருக்கட்டும் என்று மக்கள் மறித்தார்கள். கடைசியில் அதிகாரிகள் வாங்கிக்கொண்டு போனார்கள். பொன் வாரியம் என்று பொன்னைக் கவனிக்கத் தனிக் குழு வைத்திருந்த ஊர் இது.

ஆனால் அந்த வாரியத்தில் யார் உட்கார்ந்தார்கள்? வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன: கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்திலிருந்து எழுபது வயது, வேதம் அறிந்திருத்தல். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. நல்ல விதி. உண்ணத்தகாததை உண்டவரும், தாழ்ந்தவரோடு சேர்ந்தவரும் விலக்கப்படுகிறார்கள். ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்கப்படும் பிரதியில், சாப்பாடு ஒரு தகுதியின்மை.

சேரியிலிருந்து வந்து என்னோடு பள்ளியில் படித்த நண்பரிடம் சிட்னி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சாமி செலைங்கள எம்மாங் கிட்டக்க நின்னு பாத்த?"

"ஒரு முழம் இருக்கும்."

"காசு?"

"பொதுக் கூடத்துக்குக் கிடையாது."

"எந்தத் தெருன்னு எவனும் கேக்கல?"

"இல்ல."

"அப்ப அங்க இருந்தா என்னாத்துக்குத் திரும்பி வரணும்? எங்க தாத்தா கோபுரத்தத்தான் பாத்தாரு."

என்னிடம் உடனே பதில் இல்லை. அந்த ஒரு முழ தூரமும் களங்கமற்றதல்ல. 1788இல் கப்பல்கள் வந்திறங்கிய அந்தத் துறைமுகம் காடிகல் மக்களுடைய மண். அவர்களிடம் கேட்காமல் எடுக்கப்பட்டது. பிறருடைய மண்ணில் நின்றுகொண்டு பிறருடைய சாமியை எல்லோருக்கும் திறந்துவைக்கும் தாராளம் அது. ஆனாலும் நண்பரின் கேள்வியை இதைச் சொல்லி மூடிவிட முடியாது. 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அனைத்துச் சாதியினரிலிருந்தும் பயிற்சி பெற்ற அர்ச்சகர்கள் சிலரை அரசு நியமித்தது 2021இல்தான். இடையில் எழுபத்து நான்கு வருஷம்.

சிலைகள் திரும்பி வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 'யாருடையது' என்று துறைமுக நகரங்களிடம் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். 'யார் கிட்டே போகலாம், யார் கையால் ஊட்டலாம்' என்ற கேள்வி நம்மிடம் கேட்கப்படுவது. முதல் கேள்விக்குப் புகைப்படமும் காகிதமும் சாட்சி சொல்லும். இரண்டாவதற்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் நாம். காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று எங்களூர்ச் சுவரிலேயே வெட்டியிருக்கிறது.